வெள்ளம் வடிந்த பின் ஒலிக்கும் மகுடம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அகாலமாக இறந்தவர்களுக்கென்று பாட்டு உண்டு. அதைப் பாட ஓர் இரவு உண்டு; தலைமுறை தலைமுறையாக அதைப் பாடிவரும் மக்களும் உண்டு. பொதிகை மலைச்சரிவில் காணிக்காரர்கள் நோயும் கெட்ட காலமும் விலகக் கொக்கரையை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடுகிறார்கள். கீழே சமவெளியில் கணியான் சமூகத்தார் மகுடம் கொட்டிச் சுடலைமாடன் கதையைப் பாடுகிறார்கள். இரு சமூகங்களும் தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் உள்ளவை. புயலும் வெள்ளமும் ஊரை உலுக்கிப் போட்ட பிறகு மக்கள் மனசைத் தேற்றிக்கொள்ள இத்தகைய ஊர்க்கலைகள் எவ்வாறு உதவுகின்றன என்று இன்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள். நெல்லைச் சீமைக்கு அந்தக் கேள்வி 2023 டிசம்பரில் வாசற்படிக்கே வந்தது.

இரண்டு நாள் மழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிடக் காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம். மலையிலும் மழை, சமவெளியிலும் மழை என்பதால் ஆறும் குளங்களும் ஒரே நேரத்தில் நிரம்பி வழிந்தன. குளங்கள் உடைந்தன. திருநெல்வேலிச் சந்திப்பு பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது. ஏரலில் ஆற்றுப்பாலம் சேதமானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. தங்கள் வீட்டிலேயே தண்ணீர் சூழ்ந்திருந்த நிலையிலும் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். வாழையும் நெல்லும் ஆடுமாடுகளும் போயின.

1992 நவம்பரில் வந்த தாமிரபரணி வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதைப் பார்த்த தலைமுறைக்கும் 2023-இல் தண்ணீரைப் பார்த்த பிள்ளைகளுக்கும் நடுவே 31 வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை வெள்ளம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்துவிட்டது.

கணக்கில் வராத இழப்பு

வெள்ளத்துக்குப் பிறகு அரசு வீட்டைக் கணக்கெடுக்கும். பயிரையும் கால்நடையையும் கணக்கெடுக்கும். பாதிப்பு மிகுந்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டது. இவை அத்தனையும் வேண்டியவைதான். ஆனால் வெள்ளம் கொண்டுபோனவற்றில் ஒரு பகுதி எந்தப் படிவத்திலும் ஏறாது. அம்மா கையெழுத்தில் இருந்த நோட்டு, தாத்தாவின் ஒரே புகைப்படம், இருபது வருஷம் பால் கொடுத்த வம்சத்தின் கடைசிப் பசு, பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த பெட்டி. மேகம் கறுத்தாலே பரணைப் பார்க்கிற குழந்தையின் பயமும், இரவில் மழைச் சத்தம் கேட்டால் தூங்க முடியாத கிழவியின் கலக்கமும் அப்படித்தான்.

பேரிடர்க்காலத்தில் மனநல உதவி எப்படி அமைய வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த குழு 2007-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. மருத்துவர், ஆலோசகர் ஆகியோரின் பணியோடு, அந்தந்தச் சமூகத்தின் பண்பாட்டுச் சடங்குகளும் சமயச் சடங்குகளும் நடக்க வழி செய்து கொடுப்பதும் நிவாரணத்தின் ஒரு பகுதி என்று அது சொல்கிறது. செத்தவரை முறைப்படி அடக்கம் செய்யவும், கூடி அழவும், வழக்கமான திருவிழாவை நடத்தவும் முடியாமல் போனால் துக்கம் நெஞ்சுக்குள்ளேயே கட்டிப்போகிறது என்பது 2004 சுனாமிக்குப் பின் பல கரைகளில் கண்டுகொண்ட பாடம்.

மலையில் கொக்கரை

தாமிரபரணி தோன்றுகிற பொதிகை மலையில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். இஞ்சிக்குழிக்குப் போகக் காரையாறு அணையின் நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு வெள்ளம் என்பது வீட்டுக்குள் வரும் தண்ணீர். மலைக்குடிகளுக்கு அது வழி அடைபடுவது. ரேஷன் அரிசியும் மருந்தும் பள்ளிக்கூடமும் அக்கரையில் நின்றுவிடுவது.

காணிக்காரர்களின் குடியில் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் வழிபாடும் அறிந்தவர் பிலாத்தி. நோயோ கெட்ட காலமோ வந்தால் பிலாத்தி சாற்றுப்பாட்டுப் பாடுவார். அதற்குரிய கருவி கொக்கரை. நீளவாக்கில் பிளவு விட்டு, விளிம்பில் அரம்போலப் பல் வெட்டிய இரும்புக் குழல் அது. சின்ன இரும்புக் கம்பியால் அந்தப் பற்களை இழுத்து உரசினால் கரகரவென்று ஒரே சீரான ஒலி எழும். அதில் ராகம் கிடையாது. விடாமல் திரும்பத் திரும்ப வருகிற அந்த ஒலியின் மேல் பாட்டு ஏறி, மலைத்தெய்வங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழைக்கும். நோயாளியும் குடும்பமும் குடியிருப்பாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தச் சடங்கைக் காய்ச்சலுக்கு மாத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து தனி, அதைத் தரவேண்டிய இடம் மருத்துவமனை. சாற்றுப்பாட்டு செய்வது வேறொரு வேலை. துன்பத்தில் இருப்பவர் தனியாக இல்லை என்பதை அது ஊரறியச் சொல்கிறது. மலையின் பேர்கள், ஓடைகளின் பேர்கள், முன்னோர் வந்த வழி எல்லாம் அந்தப் பாட்டில் இருப்பதால், கேட்கிற பிள்ளைக்குத் தன் இடம் எதுவென்றும் தெரிந்துவிடுகிறது.

சமவெளியில் மகுடம்

கணியான் கூத்து திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நடப்பது. மகுடாட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். சுடலைமாடன், இசக்கியம்மன், முண்டன் போன்ற சாமிகளின் கோயில் திருவிழாவான கொடையில் இது நடக்கும். பாட்டை நடத்துபவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டுப் பாட ஒருவர், மகுடம் கொட்ட இருவர், பெண்வேடம் கட்டி ஆட இருவர், தாளத்துக்கு ஒருவர் என்று ஆறேழு பேர் கொண்ட குழு அது. சாமி பீடத்தைப் பார்த்து நின்றுதான் பாடுவார்கள்.

மகுடம் என்பது வட்ட மரச்சட்டத்தில் தோல் கட்டிய பறை. ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். ஆட்டம் தொடங்குமுன் கலைஞர்கள் தீ மூட்டி மகுடத்தைக் காய்ச்சுவார்கள். தோல் சூடேறி இறுக இறுக, சொத்தென்று விழுந்த அடி கணீரென்று எழும். ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பது, மறுபடி தீயில் காட்டுவது, காதருகே வைத்துக் கேட்பது என்று அது கொஞ்ச நேரம் நடக்கும். கூத்து தொடங்கவில்லை என்றாலும், அந்த முதல் சுண்டல் ஒலி கேட்டதுமே தெருப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடிவந்துவிடுவார்கள்.

கொடையில் பாடப்படும் கதைகளில் பல, கொல்லப்பட்டவர்களின் கதைகள். வஞ்சகத்தால் மாண்டவன், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவள், மாட்டைக் காக்கப் போய் வெட்டுப்பட்டவன். இவர்கள் சாவுக்குப் பிறகு சாமியாகிறார்கள். காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படும் முத்துப்பட்டன் அப்படி ஒருவன். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, அந்தத் தொழிலை ஏற்று, மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கும் சண்டையில் உயிர்விட்டவன். ஆடி அமாவாசைக்கு அந்தக் கோயிலில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். முத்துப்பட்டன் கதையை 1971-இல் பதிப்பித்தவர் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்த பேராசிரியர் நா. வானமாமலை. இத்தகைய கதைகளையே பாடும் இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அகால மரணத்தைப் பாடும் பகுதியில்தான் கதையும் சாமியாட்டமும் உச்சத்துக்குப் போகின்றன என்று காட்டினார்.

நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையின்போது கணியான் தன் கையைக் கீறிச் சில துளி ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பது வழக்கம். இதைக் கைவெட்டு என்பார்கள். ஊரின் நலனுக்காக ஊர்க்காரர் அல்லாத ஒருவர் தன் உடம்பிலிருந்து கொடுப்பது அது. அந்தச் சமூகத்து இளைஞர்களில் சிலர் இந்த வழக்கம் வேண்டாம் என்கிறார்கள். கூத்து வாழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அவர்கள் சொல்வதற்கும் காது கொடுக்க வேண்டும்.

ஆற்றுவது எப்படி

இந்தக் கலைகள் மனத்துயரை எப்படி ஆற்றுகின்றன என்பதை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, இடம். அகாலச் சாவு வீட்டுக்குள் கிடந்தால் அது பேய். பீடம் கட்டிப் படையலிட்டால் அது சாமி. துயரத்துக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடம் கொடுப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோரும், பிறகு அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளும் இறந்தவருக்கு இடம் கொடுத்த ஒரு பண்பாட்டின் சாட்சிகளே.

இரண்டாவது, நாள். துக்கம் வருஷம் முழுவதும் உறுத்தாமல் ஒரு தேதிக்குள் வந்து அடங்குகிறது. பங்குனி முதல் ஆடி வரை கொடைக்காலம். கால்நாட்டிய நாளிலிருந்து ஊர் தயாராகும். சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகள் வேறு எதற்கு வராவிட்டாலும் கொடைக்கு வருவார்கள். வெள்ளத்துக்குப் பின் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களைத் திரும்ப ஒன்றுசேர்க்கும் நாள் அது.

மூன்றாவது, வாய். சொந்தத் துயரத்தைச் சொல்லத் தெரியாதவருக்கும் கதை ஒரு வாயைக் கொடுக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இசக்கியின் கதைக்கு அழுகிறபோது அவளை யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை. சாமியாடியிடம் குறி கேட்பவர் ஊர் முன்னிலையில் தன் கவலையைச் சொல்கிறார். அங்கே கிடைக்கிற திருநீறோடு, அவர் கவலை ஊருக்கும் தெரிந்ததாகிறது.

நான்காவது, கை. கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். பந்தல் போடுவது, பாத்திரம் கழுவுவது, மாவிளக்கு இடிப்பது என்று ஆளுக்கொரு வேலை வரும். நிவாரண வரிசையில் கையேந்தி நின்றவர் இங்கே கொடுக்கிற கையாகிறார். தன்மானம் திரும்பி வருகிற இடம் அதுதான்.

இந்தச் சித்திரத்தில் இருக்கும் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாக் கோயில் கொடையும் எல்லாச் சாதிக்கும் திறந்தது கிடையாது. கூத்தில் பெண்வேடம் உண்டு, பெண் கலைஞர் இல்லை. வெள்ளம் புகுந்த தெருக்களில் பள்ளிவாசல் தெருவும் தேவாலயத் தெருவும் அடக்கம். அதனால் கோயில் கலைகளோடு கைத்தொழில்களையும் ஊர்க்கலையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஆற்றில் ஊறவைத்துக் கிழித்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் நெய்யும் பாயும், காருகுறிச்சிக் குயவர்களின் மண்பாண்டமும் இதே ஆற்றின் பிள்ளைகள். ஆற்றின் மேல் பயம் பிடித்த மனசு அதே ஆற்றின் கோரையையும் களிமண்ணையும் கையில் எடுத்து ஒன்றை உருவாக்கும்போது, பழைய உறவு கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்க்கும்.

பிற கரைகளில்

இந்தோனேசியாவின் சிமிலுவே தீவில் 1907-இல் சுனாமி வந்து பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பேரிட்டு, நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் ‘நண்டோங்’ என்ற பாட்டிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 97 வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவின் சுமார் 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. பாட்டியின் துக்கம் பேரனின் எச்சரிக்கையாக மாறியது.

மேற்கு வங்கத்தில் நயா கிராமத்துப் பட்டுவா ஓவியர்கள் படச்சுருளை விரித்துக் காட்டிக்கொண்டே பாடுகிறவர்கள். சுனாமியையும் அவர்கள் சுருளாக வரைந்து பாட்டுக் கட்டினார்கள். மோய்னா, ஜாய்தேப் சித்ரகார் இணையர் வரைந்த சுருளைச் சென்னையின் தாரா புக்ஸ் 2009-இல் நூலாக்கியது. சந்தால் பழங்குடியினரிடையே ஜாதுபட்டுவா ஓவியர் இறந்தவரின் உருவத்தைக் கண்மணி இல்லாமல் வரைந்து எடுத்துவருவார். குடும்பம் காணிக்கை கொடுத்த பிறகு கண்ணை எழுதுவார். அதன் பிறகே இறந்தவருக்கு வழி தெரியும் என்பது நம்பிக்கை. சிலைக்குக் கண் திறக்கும் தமிழ்ச் சிற்பிக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆரோவில்லில் உபாசனா வடிவமைப்பு நிறுவனம் 2005-இல் சுற்றுவட்டார மீனவப் பெண்களைக் கூட்டி, மிஞ்சிய துணித்துண்டுகளில் விரலளவு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தது. கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள், தைத்துக்கொண்டே பேசினார்கள். ‘சுனாமிகா’ என்ற அந்தப் பொம்மையை விற்பதில்லை. அன்பளிப்பாக மட்டுமே கொடுக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

தமிழில் பேரிடரைப் பாடும் மரபு புதிதன்று. 1876–78-இன் தாது வருஷப் பஞ்சத்தைக் கும்மியாகவும், புயலையும் வெள்ளத்தையும் சிந்தாகவும் அச்சிட்டுச் சில காசுக்கு விற்ற நூல்கள் ஏராளம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ அந்த உலகைக் காட்டுகிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்த முக்கூடற்பள்ளில் வெள்ளம் வருவதே உழவரின் கொண்டாட்டம். மகிழ்ச்சி வெள்ளத்துக்குப் பாட்டு இருக்கிற ஆற்றுக்கு, 1992-க்கும் 2023-க்கும் ஒரு பாட்டு வேண்டும். எந்தக் குளம் முதலில் உடையும், தண்ணீர் எந்தத் தெரு வழியாக ஏறும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அண்ணாவியும் வில்லுப்பாட்டுப் புலவரும் ஊரூராகக் கட்டிப் பாடினால், சிமிலுவே பெற்ற பாதுகாப்பு இங்கும் கிடைக்கும். வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தும் எழுதியும் வைத்தால், 31 வருஷ இடைவெளி மறுபடி வராது.

அதற்குக் கலைஞர்கள் நிலைத்திருக்க வேண்டும். மகுடத்தின் தோல் ஈரத்தில் ஊறினால் பயன்படாது; மழையில் வீடு இழந்த கலைஞருக்கு அது தொழிற்கருவி இழப்பு. வலையையும் படகையும் கணக்கெடுப்பதைப் போல மகுடத்தையும் வில்லையும் தறியையும் சக்கரத்தையும் நிவாரணக் கணக்கில் சேர்ப்பது நியாயம். கொடைக்காலம் முடிந்தால் கணியான் கலைஞர்களுக்கு வருமானம் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் உதவிகள் அவர்கள் கைக்குத் தடையின்றிச் சேர வேண்டும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல ஆண்டுகளாகச் சேகரித்து வரும் பதிவுகள் பாடியவர்களின் பேரன் பேத்திகளுக்குத் திரும்பக் கிடைக்க வழி செய்யலாம். காணிக் குடியிருப்புகளில் எந்தச் சடங்கைப் பதிவு செய்யலாம், எதை வெளியே காட்டக் கூடாது என்பதை மூட்டுக்காணியும் குடியிருப்பாரும் தீர்மானிக்க வேண்டும். ஆறுதல் தரும் கலையைக் காட்சிப்பொருளாக்கினால் ஆறுதல் போய்விடும், வேடிக்கை மட்டும் மிஞ்சும்.

பேரிடருக்குப் பிறகு ஓர் ஊர் எழுந்துவிட்டதா என்பதை அறியப் பாலமும் மின்கம்பமும் ஓர் அளவுகோல். வரி பிரித்துக் கால்நாட்டி, வெளியூர்ப் பிள்ளைகள் வந்திறங்கி, கோயில் முற்றத்தில் தீ மூட்டி மகுடம் காய்ச்சுகிறார்களா என்பது இன்னோர் அளவுகோல். நிவாரணம் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.